கழன்றிருந்த திருகாணி

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் அதைக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். தேங்காய்க்கு நேர்மாறு. உள்ளே சத்தம் கேட்டால் வாங்கக்கூடாது. சென்ற வருஷம் என்னிடம் வந்து சேர்ந்த லென்ஸில் சத்தம் கேட்டது. நான் அதை வாங்கவில்லை என்பதால், வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

அது ஒரு நண்பருடையது. நண்பர் என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம். 1980-க்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு எழுத்தாளர்களின் சாவு வீட்டில், ஒரே பந்தலுக்குக் கீழ் நின்றிருக்கிறோம். 2011-ல் அவர் போனபோது அந்தப் பந்தலுக்கு நான் போகவில்லை. பெயரைச் சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு யார் என்று தெரிந்துவிடும். மீதிப்பேருக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஒரே ஒரு கவிதைத் தொகுதி போட்டார். அந்த நாளில் நம் கூட்டத்தில் காமிரா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

வீடு முட்டுக்காட்டில், கழியைப் பார்த்த ஓட்டு வீடு. அப்போது அங்கே படகுத்துறை கிடையாது. சுற்றுலாக் கழகம் அதை 1984-ல்தான் தொடங்கியது. தட்சிணசித்ரா 1996-ல் வந்தது. சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கோவளம் பஸ்ஸைப் பிடித்து நாலைந்து பேராகப் போய் இறங்குவோம். வழியில் ஈஞ்சம்பாக்கத்தில், கே. சி. எஸ். பணிக்கர் 1966-ல் உண்டாக்கிய சோழமண்டலத்தில் இறங்கி, ஓவியர்களோடு கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதும் உண்டு. கோடையில் கடலுக்கும் கழிக்கும் நடுவில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஐப்பசி மழையில் கழி நிறைந்து மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் போய் விழும். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு பேசியதுதான் என் இலக்கியப் படிப்பு. அப்படி உட்கார்ந்திருந்த எல்லோரையும் அவர் படம் எடுத்தார்.

ஓய்வு பெற்று நான் இதே ஊருக்குக் குடிவந்தது 2012-ல், அவர் போன மறு வருஷம். தற்செயல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி நம்பவில்லை.

சென்ற வருஷம் அவருடைய மகள் வீட்டை விற்பதற்காகக் காலி செய்தாள். ஒரு நாள் காலையில் இரண்டு பிஸ்கட் டப்பாக்களோடு வந்தாள். ஒன்றில் நெகடிவ்கள், தேதி எழுதிய காகித உறைகளில். இன்னொன்றில் காமிராவும் லென்ஸும். “மாமா, பேப்பர்காரர்ட்ட போட மனசு வரலை. நெகடிவ் உங்ககிட்டயே இருக்கட்டும். லென்ஸ பையன் கேக்கறான். ஏதோ ஆடுதுங்கறான். உங்களுக்குத்தான் இந்த ரிப்பேரெல்லாம் பழக்கமாச்சே, கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்றாள். கடிகாரம், ரேடியோ என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பது என் பழக்கம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷம் பேசாத ஒருவரைப் பற்றி வீட்டில் என்னவெல்லாம் பேச முடியும் என்று நினைத்துப் பார்த்தேன்.

லென்ஸ் ரஷ்யாவில் செய்தது. ஹீலியோஸ் 44-2. 58 மில்லிமீட்டர், எஃப் 2. போருக்கு முன் ஜெர்மனியில் ஜெனா நகரத்து ஸைஸ் கம்பெனி செய்த பையோட்டாரின் வம்சம். போர் முடிந்ததும் யந்திரங்களாகவும் வரைபடங்களாகவும் கிழக்கே போன சொத்தில் அதுவும் ஒன்று. மாஸ்கோவுக்கு அருகில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் மறுபிறவி எடுத்து, ஸெனித் காமிராவோடு சேர்ந்து உலகம் பூராவும் போயிற்று. நமக்கு அது ரஷ்யப் புத்தகங்கள் வந்த அதே காற்றில் வந்தது. நியூ செஞ்சுரியில் கெட்டி அட்டை போட்ட நாவலை நம்ப முடியாத விலைக்கு வாங்கிக்கொண்டு வந்த தலைமுறைக்கு, ஸெனித்தும் கெட்டி அட்டை போட்ட ஒரு காமிராதான். கனம், முரடு, ஆனால் உள்ளே இருப்பது அசல். இப்போது இளைஞர்கள் இந்த லென்ஸைத் தேடித் தேடி வாங்கி, ஓர் அடாப்டர் வளையம் போட்டு டிஜிட்டல் காமிராவில் மாட்டிக்கொள்கிறார்களாம். பின்னணியில் இலைகள் சுழல்கிற மாதிரி வருமாம். அந்தக் காலத்தில் அதை நாங்கள் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆடியது எது என்பதைச் சொல்வதற்கு முன் இந்த லென்ஸின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதன் முன்பக்கம் இரண்டு வளையங்கள் இருக்கின்றன. ஒன்றில் எந்தத் துளை வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைக்கிறோம். இன்னொன்று துளையை நிஜமாகத் திறந்து மூடுவது. முழுக்கத் திறந்துவைத்து, வெளிச்சமான பிம்பத்தில் ஃபோகஸ் செய்கிறோம். பிறகு, காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, இரண்டாவது வளையத்தைக் குறித்த இடத்தில் முட்டி நிற்கும்வரை திருப்புகிறோம். வியூஃபைண்டர் இருண்டுபோகிறது. அந்த இருட்டில் பொத்தானை அழுத்துகிறோம். பார்ப்பது ஒரு காரியம், எடுப்பது இன்னொரு காரியம். நடுவில் கை ஒரு முறை திரும்புகிறது.

இந்த லென்ஸில், வளையம் முட்டி நின்ற பிறகும் கொஞ்சம் அழுத்தினால் திரும்பிக்கொண்டே போயிற்று. வளையம் மட்டுமல்ல, கண்ணாடிகள் அத்தனையையும் தாங்குகிற உள்குழல் முழுவதுமே திரும்பியது. உள்குழல் மரையில் ஏறி உட்கார்ந்திருப்பது. அது திரும்பாமல் பிடித்து வைக்க ஒரு சின்னப் பூட்டுத் திருகாணி உண்டு. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுத் துவாரம் இருந்தது. உள்ளேயிருந்து வந்த சத்தம் எதனுடையது என்று அப்போது புரிந்தது.

சென்னையில் ஒரு கடையில் காட்டினேன். “இதுக்கு உழைக்கிற கூலிக்கு வேற லென்ஸே வாங்கிடலாம் சார்” என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்கு வந்து மாடி அறையில் ஜன்னல்களைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். கடல் காற்றில் ஒரு மணல் துணுக்கு வந்து மரையில் விழுந்தால் அப்புறம் ஜென்மத்துக்கும் நறநறவென்றுதான் இருக்கும். தாம்பாளத்தில் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்து அதன்மேல்தான் வேலை. திருகாணி தப்பி உருண்டால் தரையில் தேடுவதைவிடத் தாம்பாளத்தில் தேடுவது சுலபம்.

பழைய லென்ஸைப் பிரிக்கிறவர்கள் செய்கிற முதல் தவறு பலத்தைக் காட்டுவது. மரை அலுமினியம், திருகாணி எஃகு. இந்த ஊர் உப்புக் காற்றில் எஃகு துருப்பிடிக்கும், அலுமினியம் வெள்ளைச் சுண்ணாம்பாகப் பூக்கும். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் திருகாணியின் தலையில் உள்ள பள்ளம் வழுக்கிவிடும். அப்புறம் அதை எடுப்பது பல் பிடுங்குகிற வேலை. ஒரு குச்சி நுனியில் ஒரே ஒரு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டு வைத்து ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெயை ஊற்றுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். அது நாளடைவில் ஊர்ந்து போய்த் துளையின் தகடுகளில் படிந்து அவற்றை ஒட்டவைத்துவிடும். இந்த லென்ஸில் எட்டுத் தகடுகள். பொழுது போகாதபோது திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவு அழகு.

முன்னால் பெயர் பொறித்த வளையத்தை எடுக்கத் தனிக் கருவி உண்டு. என்னிடம் இருந்தது சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு. ரப்பரை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினால் போதும், வந்துவிடும். மற்ற வளையங்களுக்கு, பேரன் எப்போதோ விட்டுப்போன ஜியாமெட்ரி பெட்டியின் டிவைடர், முனைகளை அரத்தில் ராவி. கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வைத்து, மரை விட்டுப் பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு கோடு. இந்தக் கோட்டைப் போடாவிட்டால் எல்லாம் போயிற்று. ஃபோகஸ் மரைக்கு ஒரு தொடக்கம் அல்ல, பல தொடக்கங்கள். தவறான தொடக்கத்தில் ஏற்றினாலும் வழுவழுவென்று ஏறும், சுற்றும், சரியாக இருப்பதுபோலவே இருக்கும். படம் எடுத்துப் பார்க்கிறபோதுதான் தெரியும்.

மூன்றாம் நாள் அந்தத் திருகாணி கிடைத்தது. கடுகைவிடச் சிறியது. பின்பக்கத்து வளையத்துக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு பள்ளத்தில், பழைய கிரீஸில் பாதி புதைந்து கிடந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தலையின் பள்ளம் ஒரு பக்கம் சிதைந்திருந்தது. தொழிற்சாலையில் போட்டது அப்படி இருக்காது. எங்கள் நண்பருக்கு முன் இந்த லென்ஸ் வேறு ஒருவரிடம் இருந்தது. யாரோ எப்போதோ அளவு பொருந்தாத ஸ்குரூ டிரைவரால் திறந்து, மூடும்போது திருகாணி தலையில் ஒரு துளி நெயில் பாலிஷ் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். வைத்திருந்தால் அது கழன்றிருக்காது. ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லோரும் வைத்துக்கொண்டிருக்கிற சமாசாரம் அது. பிறகு வேண்டுமானால் ஒரு துளி அஸிடோனில் கரைந்துவிடும்.

திருகாணியின் நுனி கூம்பு. அது போய் உட்கார உள்குழலில் ஒரு குழி இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று சுத்தமான வட்டம். இன்னொன்று யாரோ பலவந்தமாக இறுக்கி உண்டாக்கிய காயம். காயம் பட்ட இடத்தில் பூட்டினால் குழல் அரைக்கால் சுற்று முன்னால் நிற்கும். அநந்தத்துக்கு ஃபோகஸ் வராது. வட்டமானதுதான் அசல் என்று தோன்றினாலும், தோன்றுவதை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று இந்த வயதில் ஒரு ஜாக்கிரதை வந்திருக்கிறது. சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தேன்.

சோதனை எளிது. காமிராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படிகிற தண்டவாளத்தின்மேல் டிரேசிங் பேப்பரை விறைப்பாக ஒட்டினேன். ஷட்டரை ‘பி’யில் வைத்து, கேபிள் ரிலீஸைப் பூட்டித் திறந்தபடி நிறுத்தினேன். லென்ஸை முழுக்கத் திறந்து, வளையத்தை அநந்தக் குறியில் வைத்து, வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸால் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். மாடியிலிருந்து கடல் தெரியும். தலைகீழாகத் தெரிந்தது, கடல் மேலே, வானம் கீழே. ஆனால் பகலில் அடிவானம் இதற்கு உதவாது. உப்புப் புகைபோல ஒன்று எப்போதும் அங்கே மிதந்துகொண்டிருக்கிறது, கூர்மையான கோடு என்று எதுவும் இல்லை. இரவில் தூரத்து விளக்குகள்தான் நல்லது. கோவளம் பக்கத்து விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டேன். காயம் பட்ட குழியில் அது ஒரு மங்கிய காசுபோல இருந்தது. வட்டக் குழியில் ஊசிமுனை.

அநந்தம் என்ற சொல்லை நாம் கவிதையில் எவ்வளவு தாராளமாகச் செலவழித்திருக்கிறோம்! இந்த லென்ஸுக்கு அது எஃப் 2-ல் சுமார் 56 மீட்டருக்கு அப்பால் ஆரம்பித்துவிடுகிறது. என் மாடியிலிருந்து தெருமுனைக் கடை. அதற்கு அப்பால் உள்ள விளக்கும் கப்பலும் நட்சத்திரமும் அதற்கு ஒன்றுதான்.

வித்தியாசம் எல்லாம் கிட்டத்தில்தான். குழலின் மரை ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருகாணி இல்லாத குழல், கை அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு சுற்றுத் திரும்பினால் முன்னால் வருவது 0.17 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒன்றரை மீட்டர் தூரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு அவ்வளவு நகர்ந்தால், ஃபோகஸ் சுமார் 10 சென்டிமீட்டர் காமிராவை நோக்கி வந்துவிடும். கண்ணுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் என்ன இருக்கும்? வாய்க்கருகில் பிடித்திருக்கிற கை. கையில் காப்பி டம்ளர்.

கணக்குப் போட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1979 டிசம்பரில், சென்னையில் ஒரு வாசகசாலையின் பின்னறையில், அவருடைய 31 படங்களைக் குண்டூசியால் சுவரில் குத்தி வைத்தோம். நம்மில் ஒருவர் படங்களுக்கு முதன்முதலாக ஒரு சுவர் கிடைத்தது. அதுவரை பத்திரிகையில் ஒரு படம் போடவேண்டும் என்றால் பிளாக் செய்யக் காசு வேண்டும், அந்தக் காசில் எட்டுப் பக்கம் கவிதை போடலாம் என்று கவிஞர்கள் சண்டைக்கு வருவார்கள். போட்டாலும் மட்டமான தாளில் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும் முகத்தில் கூர்மை எது, மங்கல் எது என்று யார் கண்டது? சுவரில் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. கடற்கரையில் எடுத்த மீனவர்கள், கட்டுமரத்தை மேலேற்றுகிற முதுகுகள், வலை பிரிக்கிற விரல்கள் எல்லாம் செதுக்கியதுபோல இருந்தன. திண்ணையில் எடுத்த எழுத்தாளர்கள் அத்தனை பேரும் மங்கல். கையிலிருந்த டம்ளரும் சுருட்டிப் பிடித்த பத்திரிகையும் மட்டும் பளிச்சென்று இருந்தன.

இரண்டு மாதம் கழித்து ஒரு சிறுபத்திரிகையில் ஆறு பக்கம் எழுதினேன். உழைப்பாளியின் முகத்தைத் தீர்க்கமாகப் பார்க்கிற கண், தன்னைத் திருப்பிப் பார்க்கக்கூடிய முகத்துக்கு முன்னால் ஏன் தயங்குகிறது என்று கேட்டிருந்தேன். முகத்தைச் சந்திக்கத் தைரியமில்லாதவர் டம்ளரில் தஞ்சம் புகுகிறார் என்றும், அவருடைய கவிதைகளில் மனிதர்கள் இல்லாமல் வெறும் பண்டங்களாகவே இருப்பதன் காரணமும் இந்தப் பயம்தான் என்றும் முடித்திருந்தேன். கட்டுரை பேசப்பட்டது. நம் வட்டத்தில் பேசப்பட்டது என்றால் ஏழெட்டுப் பேர் கடிதம் எழுதினார்கள் என்று அர்த்தம்.

இப்போது காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காரணம் சூரியன். அந்த நாளில் அவர் போட்டது ஆர்வோ என்பி 22, 125 ஏஎஸ்ஏ. கடற்கரை வெயிலில் எஃப் 11. அத்தனை சிறிய துளையில் கூர்மையின் ஆழம் முன்னும் பின்னும் விரிந்து, அந்த 10 சென்டிமீட்டர் பிழை அதற்குள் ஒளிந்துகொண்டுவிடும். திண்ணை நிழலில் எஃப் 4. அங்கே ஆழம் முன்னும் பின்னும் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். முகம் வெளியே விழுந்துவிடும். வர்க்கமும் இல்லை, தயக்கமும் இல்லை. என் ஆறு பக்கம், வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியது.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த இதழில் பதில் எழுதினார், ‘முகத்தின் சர்வாதிகாரம்’ என்று தலைப்பு. ஐரோப்பிய ஓவிய மரபு முகத்துக்கு முடிசூட்டியதைப் பற்றியும், நம் திண்ணையில் மனிதனும் டம்ளரும் சரிசமமாக உட்கார்ந்திருப்பதைப் பற்றியும். டம்ளர் பளிச்சென்று இருப்பது தன் தேர்வு, பிரக்ஞைபூர்வமான தேர்வு என்று எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. என்னுடையதைவிட நல்ல கட்டுரை என்று அப்போதே எனக்குத் தெரியும், அதனால்தான் பேச்சை நிறுத்தினேன் என்றுகூட நினைக்கிறேன்.

நெகடிவ் உறைகளைத் தேதிவாரியாக அடுக்கி, லைட் டேபிளுக்குப் பதில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதே வாட்ச் லென்ஸால் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் ஆயிற்று. 1977, 78, 79 திண்ணைப் படங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே டம்ளர். இரவில், குழல்விளக்கில் எடுத்த சிலவற்றில் மட்டும் முகம் கூர்மையாக இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. ஸெனித்தில் 1/30-க்குக் கீழே ‘பி’தான். ஆகவே அவர் எஃப் 2-லேயே எடுத்திருப்பார். துளையை மூட வேண்டியதில்லை, வளையத்தைத் திருப்ப வேண்டியதில்லை, குழல் நகரவில்லை. வெளிச்சம் போதாமல் நெகடிவ் மெலிந்துதான் இருந்தது. ஆனால் கண்கள் கண்களாக இருந்தன. அவற்றை அவர் பிரிண்ட் போடவில்லை. சுவரில் குத்திய 31-ல் அவை இல்லை.

பிறகு 1980, மார்ச் 9 என்று தேதியிட்ட உறையிலிருந்து திண்ணைப் படங்கள் திடீரென்று மாறுகின்றன. அதே திண்ணை, அதே நிழல், அதே டம்ளர். முகங்கள் கூர்மையாக இருக்கின்றன. அதற்குப் பிறகு எங்கும் மங்கவில்லை.

லென்ஸை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வளையத்துக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கைச் சுற்றி, பழுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி ஒரு பட்டை இருந்தது. முதலில் அழுக்கு என்று நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன்கள் சுற்றுகிற கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை. டேப் என்றோ உதிர்ந்துபோயிருக்கிறது. ஆட்டத்தை அவர் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்து டேப் சுற்றியிருக்கிறார்.

எப்போது? என் கட்டுரை வந்தது பிப்ரவரியில். அவருடைய பதில் வந்த இதழில் அச்சாகியிருப்பது ‘ஏப்ரல் 1980’. அப்படியானால் ஆட்டம் தெரிந்த பிறகுதான் அந்தப் பதிலை எழுதினாரா? தன் கண்ணின் தேர்வு என்று எழுதிக்கொண்டிருந்தபோது டேப் ஏற்கெனவே சுற்றப்பட்டிருந்ததா? அல்லது என் கட்டுரையைப் படித்த ஆத்திரத்தில் அன்றைக்கே பதிலை எழுதி அனுப்பிவிட்டு, பிறகு சந்தேகம் வந்து லென்ஸைக் குலுக்கிப் பார்த்தாரா? நம் பத்திரிகைகளின் தேதியை நம்பி எதையும் நிரூபிக்க முடியாது. ஜனவரி இதழ் மே மாதம் வரும். ஏப்ரல் இதழ் ஜூலையில் வரும், சில சமயம் மார்ச்சிலேயே வந்து எல்லோரையும் பயமுறுத்தும். கம்பாஸிட்டருக்கு மஞ்சள் காமாலை என்றால் ஒரு பருவமே தள்ளிப்போகும். அந்த இதழ் எப்போது கையில் கிடைத்தது என்று உயிரோடு இருக்கிற இருவரைக் கேட்டேன். ஒருவர் மே என்றார், இன்னொருவர் அப்படி ஒரு இதழே வரவில்லை என்றார்.

நாங்கள் எல்லோரும் அப்போது, விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-ல் எழுதிய கட்டுரையைக் கையில் தடிபோல வைத்துக்கொண்டு திரிந்தவர்கள். படைத்தவனின் நோக்கத்தைக் கேட்காதே, படைப்பைப் பார். அந்த வாதப்படி, முகத்தை மங்க வைத்தது திருகாணியா மனசா என்று கேட்பதே அபத்தம். படத்தில் டம்ளர் முன்னால் நிற்கிறது, முகம் பின்வாங்குகிறது, அதைப் பற்றிப் பேசு. இன்றைக்கும் அந்த வாதத்தில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. படங்களைப் பற்றி நான் சொன்ன வர்ணனை சரியானதுதான். அவருடைய பதிலும், ஆட்டம் தெரிந்து எழுதியிருந்தாலும்கூட, அந்தப் படங்களைப் பார்க்க ஒரு நல்ல வழிதான். நான் செய்த தவறு வேறு. படைப்பைப் பார் என்று சொல்லிக்கொண்டே, படத்திலிருந்து மனிதருக்குத் தாவினேன். பயம் என்று எழுதினேன். பயம் படத்தில் இல்லை. அதைச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒன்றரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பல வருஷம் காப்பி குடித்தவன், “என்ன ஓய், முகமெல்லாம் கலங்கி வருதே, லென்ஸைப் பாத்தீரா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கட்டுரை இருந்திருக்காது. எழுதியது கேட்காமல் இருந்ததால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த 31 படங்களில் 17-வது நான். எனக்கு அப்போது 28 வயது. அந்த முகத்தைப் பற்றி எனக்கு ஒரு நல்ல அபிப்பிராயம் இருந்தது. சுவரில் அது ஒரு வெள்ளைத் திட்டாக இருந்தது. பித்தளை டம்ளரின் விளிம்பில் ஒரு நெளிவுகூடத் தெரிந்தது.

கட்டுரைத் தொகுதியின் இரண்டாம் பதிப்புக்கான புரூஃப் மேஜையில் இருக்கிறது. அந்தக் கட்டுரையை எடுத்துவிடலாமா, அடிக்குறிப்புப் போடலாமா என்று பதிப்பாளரிடம் கேட்டேன். அடிக்குறிப்பு எவ்வளவு நீளம் என்று கேட்டார். ஒரு திருகாணி நீளம் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. பயம் என்ற சொல் வருகிற மூன்று வாக்கியங்களை மட்டும் சிவப்பில் அடித்திருக்கிறேன். அடித்த பிறகு கட்டுரையின் முடிவு தொங்குகிறது. அப்படியே அனுப்புவதா என்று தீர்மானிக்கவில்லை.

வட்டக் குழியில் திருகாணியை இறக்கி, கூம்பு உட்காருவது விரலுக்குத் தெரிகிறவரை திருப்பி, அதற்குமேல் அரைக்கால் சுற்றுக்கூட இறுக்காமல், தலையில் மனைவியின் நெயில் பாலிஷ் ஒரு துளி. ரோஸ் நிறம். கறுப்பு லென்ஸில் அது மட்டும் பொட்டுபோல இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். அடாப்டரை மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பார்த்து, “ஆடலை தாத்தா” என்றான். அப்படியே காப்பி குடிக்கச் சொல்லி என்னை ஒரு படம் எடுத்தான். எஃப் 4-ல் எடு என்றேன். உடனே திரையில் பெரிதாக்கிக் காட்டினான். மீசையில் ஒட்டியிருந்த நுரையும், கண்ணுக்குக் கீழே பைபோலத் தொங்குகிற தோலும் அத்தனை துல்லியம். டம்ளரைக் காட்டச் சொன்னேன். நகர்த்திக் காட்டினான். கலங்கியிருந்தது.

கிளம்பும்போது, “இது என்ன தாத்தா, பிசுபிசுன்னு ஏதோ ஒட்டுது?” என்று விரலைத் தேய்த்துக்கொண்டான். டேப் பசை, ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும் என்றேன். வீட்டில் போய்த் துடைத்துக்கொள்கிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு போனான்.